கைவிடப்பட்ட பெரிய நாயும் ஏற்கும் வீடும்

விலங்குக் காப்பகத்துக்குத் தத்தெடுக்க வருகிறவர்களின் கால் தானாகவே குட்டிகள் இருக்கும் பக்கம் போகும். பெரிய நாய்களின் கூண்டுப் பக்கம் வருகிறவர்களில் பலர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஐந்து வயது கிரேட் டேன், இடுப்பு தளர்ந்த அல்சேஷன், குட்டி போட்டுப் போட்டே மடி தொங்கிப்போன லேப்ரடார் எல்லாம் அங்கேதான் இருக்கும். இவற்றை வீட்டுக்குக் கொண்டுவரலாமா, வந்தால் ஒட்டுமா, ஒட்ட எவ்வளவு நாளாகும் என்று கேட்டால் ஊரில் இரண்டு வகையான பதில்கள் கிடைக்கும். "பெரிய நாய், அதுவும் யாரோ வளர்த்தது, எதுக்கு வம்பு?" என்பது ஒன்று. "அன்பா இருந்தா எந்த நாயும் சரியாயிடும்" என்பது இன்னொன்று. முதல் பதில் நாயைக் கூண்டிலேயே வைத்திருக்கிறது. இரண்டாவது பதிலோ நாயை வீட்டுக்கு அழைத்துவந்து, ஒரு மாதத்தில் திரும்பக் கூண்டுக்கே அனுப்பிவைக்கிறது. எனக்கு இரண்டாவதன் மீதுதான் கோபம் அதிகம்.

இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். காசு கொடுத்து வாங்கிய நாய்கள்தான் இவற்றில் பெரும்பாலானவை. இரண்டு மாதக் குட்டியாகக் கைக்குள் அடங்கிய கிரேட் டேன் ஒன்றரை வயதில் 60 கிலோவைத் தொடும் என்பதை வாங்கியவர் யோசித்திருக்க மாட்டார். வெளிநாட்டு வேலை, வீடு மாற்றம், பிரசவம், வீட்டில் ஒரு சாவு என்று காரணம் எதுவானாலும் முதலில் வீட்டை விட்டுப் போவது நாய்தான். இனப்பெருக்கத் தொழில் செய்கிறவர்கள் ஈன்று ஓய்ந்த பெட்டை நாய்களைக் கழித்துவிடுவது இன்னொரு வழி. நாய் இனப்பெருக்கம் செய்கிறவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2017இல் விதி வந்தது. கொட்டகைக்குள் நடக்கும் தொழிலை அந்த விதி எவ்வளவு தொட்டது என்பது தனிக் கதை.

மூன்றாவது வழி அச்சம். 2024 மார்ச்சில் 23 வகை நாய்களை 'மூர்க்கமானவை' என்று பட்டியலிட்டு, அவற்றின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்கும்படி ஒன்றிய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. குற்றம் நாயை அவிழ்த்துவிட்டவருடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன்பின் ஊரெங்கும் பெரிய நாய் வைத்திருப்பவர்களை அக்கம்பக்கம் பார்த்த பார்வை மாறிவிட்டது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நாட்டு இனங்களின் நிலை சற்று வேறு. 2005 ஜனவரியில் வெளியான நாய் அஞ்சல்தலைகள் நான்கில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு இனப் பற்று பெருகியது. 2020இல் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய பெயர்கள் ஒலித்தன. புகழ் வந்தால் விலையும் ஏறும், ஆளும் வருவார். ஆனால் முயல் விரட்டப் பிறந்த சிப்பிப்பாறை இரண்டு படுக்கையறை வீட்டின் பால்கனியில் என்ன செய்யும்? ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி காணப்படுகிறது. கூப்பிட்டால் வராத நாயைத் 'திமிர் பிடித்தது' என்று அடித்து, பிறகு துரத்திவிட்ட வீடுகள் உண்டு. பாவம், அதற்குக் காது கேட்காது என்பது காப்பகத்தில்தான் தெரியவரும். கைதட்டாமல், பின்னாலிருந்து தொடாமல், கைச்சைகையில் பழக்கினால் அந்த நாய் மற்ற நாய்களைப் போலவே கற்றுக்கொள்ளும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆம் பிரிவின்படி, வளர்த்த விலங்கைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு பிளேட் பரோட்டா வருமா என்பதே சந்தேகம். தத்தெடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று: அடுக்ககக் குடியிருப்போர் சங்கம் எத்தனை பேர் கையெழுத்திட்டுத் தீர்மானம் போட்டாலும், வளர்ப்பு நாயே கூடாது என்று தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இலேயே சொல்லியிருக்கிறது. அதே நேரத்தில் உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, வெளியே போகும்போது கயிறு ஆகியவை நாய்க்காரர் மீறக் கூடாதவை. சென்னை மாநகராட்சி மைக்ரோசிப்பையும் வலியுறுத்துகிறது. பெரிய நாய்களுக்கான உள்ளூர் விதிகள் அடிக்கடி மாறுவதால் மாநகராட்சியில் ஒரு முறை விசாரித்துக்கொண்டு கூட்டிவருவது நல்லது.

காப்பகத்திலிருந்து வரும் நாயைப் பற்றி ஆய்வுகள் சொல்வது நம் ஊகங்களோடு பல இடங்களில் முட்டுகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1990களில் நடந்த ஆய்வொன்று, காப்பக நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை அளந்தது. வந்து முதல் மூன்று நாள்களில் அந்த அளவு வீட்டு நாய்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. இடம் மாறுவதே நாயின் உடம்புக்கு ஓர் அடி என்பதற்கு இது சாட்சி. காப்பகத்திலிருந்து நம் வீட்டுக்கு வருவதும் இடமாற்றம்தான். 'நல்ல இடத்துக்குத்தானே வந்திருக்கிறது' என்பது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது.

அதனால் முதல் வாரத்தில் நாம் பார்ப்பது நாயின் குணத்தை அல்ல, அதன் திகைப்பை. சில நாய்கள் மூலையில் சுருண்டு, சாப்பிடாமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடக்கும். சில அசாத்திய சாதுவாக இருக்கும். "எவ்வளவு அமைதி பாருங்க, சத்தமே போடல" என்று வீட்டார் பூரித்துப்போவார்கள். பூரிக்க ஒன்றுமில்லை, அது உறைந்துபோயிருக்கிறது. இரண்டாவது மாதம் தண்ணீர் கேன் போடுகிறவரைப் பார்த்து வீடே அதிரக் குரைக்கும்போது, "நல்லா இருந்த நாய் கெட்டுப்போச்சு" என்பார்கள்.

இந்த மாற்றத்தை அளந்து பார்த்தவர்கள் உண்டு. ஒஹையோவிலேயே 99 காப்பக நாய்களைத் தத்து கொடுத்த பின் 7, 30, 90, 180ஆம் நாள்களில் வீட்டாரிடம் விரிவாகக் கேள்விகள் கேட்டுப் பதிந்த ஆய்வு 2023இல் வெளியானது. பிரிந்திருக்கும்போது படும் பாடு நாளாக ஆகக் குறைந்தது. பழக்குவதில் சிரமம் கூடியது. அந்நியரிடம் காட்டும் சீற்றமும் கூடவே கூடியது. அப்படியிருந்தும் ஆறு மாத முடிவில் வீட்டாரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் நாயின் நடத்தை நன்று அல்லது மிக நன்று என்றே சொன்னார்கள். இந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டாம் மாதக் குரைப்பு பல நேரங்களில் நாய் கெட்டுப்போனதன் அடையாளமல்ல, 'இது என் வீடு' என்று அது நினைக்கத் தொடங்கியதன் அடையாளம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 10 கிலோ நாய் அதைச் சொல்வதும் 50 கிலோ நாய் அதைச் சொல்வதும் கேன்காரருக்கு ஒன்றல்ல. சிறிய நாயிடம் செய்தால் சிரித்துக் கடந்துபோகும் தவறு, பெரிய நாயிடம் தையல் போட வைக்கும்.

காப்பகத்தில் வைத்து நாயின் குணத்தைச் சோதிப்பதும் அவ்வளவு நம்பகமானதல்ல. சாப்பிடும் தட்டில் செயற்கைக் கையை நீட்டி, கடிக்க வருகிறதா என்று பார்ப்பது மேலைநாட்டுக் காப்பகங்களின் வழக்கம். அப்படிச் சீறிய 20 நாய்களை வீட்டுக்கு அனுப்பிப் பின்தொடர்ந்தபோது வீட்டிலும் தட்டைக் காத்துச் சீறியவை 11தான். சோதனையில் சாதுவாக இருந்தவற்றிலும் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வீட்டில் சீறின. கூண்டில் பசியோடு நிற்கும் உயிரை வைத்து வீட்டுக் குணத்தைக் கணிப்பது கஷ்டம்.

இதற்குப் பெரிய சாட்சி 2007இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிடைத்தது. பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் நிலத்தில், நாய்ச் சண்டைக்காக வைத்திருந்த ஏறக்குறைய 50 பிட்புல் நாய்கள் பிடிபட்டன. அதுவரை இப்படிப்பட்ட நாய்களை மொத்தமாகக் கொன்றுவிடுவதுதான் வழக்கம். இந்த முறை நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாக மதிப்பிடச் சொன்னது. மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. 22 நாய்கள் யூட்டா மாநிலக் காப்பகத்துக்குப் போயின, மற்றவை வேறு அமைப்புகளிடம் போயின. பல பின்னாளில் வீடுகளில் சேர்ந்தன. பெரும்பாலானவை வெறியோடு அல்ல, நடுக்கத்தோடு வந்தவை. இனத்தின் பெயர் குணத்தைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையை இந்த வழக்கு பலமாக அசைத்தது.

நடுக்கம் கற்றதைக்கூட அழித்துவிடும். 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரை வெள்ளம் சூழ்ந்தபோது, ஆய்வாளர் பாவ்லோவின் நாய்கள் கூண்டுக்குள் நீர் ஏறி மூழ்கும் நிலையில் காப்பாற்றப்பட்டன. உயிர் பிழைத்த சில நாய்கள் ஆண்டுக்கணக்கில் கற்ற பழக்கங்களை இழந்திருந்தன. பொறுமையாக மீட்டெடுத்த பிறகும், கதவிடுக்கில் கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டதும் பழைய பீதி திரும்பியது. 'முன்பு வளர்த்தவர் நன்றாகப் பழக்கியிருந்தார், இங்கே வந்து எல்லாம் மறந்துவிட்டது' என்று சொல்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். துடைப்பத்தை எடுத்தால் கட்டிலுக்கடியில் பாயும் நாயைப் பார்க்கும்போது அதன் பழைய வீட்டைப் பற்றிக் கொஞ்சம் ஊகிக்கலாம்.

இந்த இடத்தில் நம்மூர்ப் பயிற்சியாளர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. 'நாய்க்கு யார் எஜமான்னு முதல் நாளே காட்டிடணும்' என்று கழுத்தைச் சுண்டி, மல்லாக்கத் தள்ளி, அழுத்திப் பிடிப்பார்கள். இந்த முறையின் வேர் 1940களில் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு. அந்தக் கருத்தைத் தம் 1970 புத்தகத்தின் மூலம் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பன் பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று கண்டு, 1999இல் தம் பழைய கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். சொன்னவரே கைவிட்டதை நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பயந்த 50 கிலோ நாயை மல்லாக்கத் தள்ளுவது பயிற்சி அல்ல, கடி வாங்கும் ஏற்பாடு.

அப்படியானால் என்ன செய்வது? நாய்க்காரர்கள் உலகெங்கும் ஒரு வாய்க்கணக்கு சொல்வார்கள்: திகைப்பு தீர மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், வீடு தன்னுடையது என்று உணர மூன்று மாதம். இதில் விஞ்ஞானம் குறைவு, ஆனால் அவசரப்படுகிறவர்களைக் கட்டிப்போட உதவும். முதல் சில நாள்கள் நாய்க்கு வேண்டியது ஒரு மூலை, ஒரே நேரத்தில் சோறு, ஒரே வழியில் நடை, தொந்தரவு இல்லாத தூக்கம். உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது, குளிப்பாட்டுவது, கட்டிப்பிடித்து செல்ஃபி எடுப்பது எல்லாம் காத்திருக்கலாம். அது தானாக வந்து முகர்ந்தால் கழுத்துக்குக் கீழே, நெஞ்சுப் பக்கம் தடவிக் கொடுக்கலாம். தலைக்கு மேல் கை ஓங்குவது அன்பாகவே இருந்தாலும் அதற்கு அடியாகத் தெரியும்.

உதட்டை நக்குவது, பசியோ தூக்கமோ இல்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, பிறகு உடம்பு விறைப்பது, அதற்குப் பிறகுதான் உறுமல். நாய் படிப்படியாகத்தான் சொல்கிறது. உறுமியதற்காக அடிக்கிறவர் அடுத்த முறை உறுமல் இல்லாமலே கடியைச் சந்திப்பார். உறுமினால் விலகிப் போய், எதற்கு உறுமியது என்று யோசிப்பதே முறை.

பெரிய நாய்க்கே உரிய சிக்கல் ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தரை. சிமெண்ட் தளத்தில் வளர்ந்த ஒரு அல்சேஷன் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் போட்ட வீட்டுக்கு வந்ததைப் பார்த்தேன். வாசற்படியைத் தாண்டி இரண்டடி வைத்ததும் பின்னங்கால்கள் இரு பக்கமும் விரிந்து வழுக்கின. அவ்வளவுதான், வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. பிஸ்கட், கோழி, கெஞ்சல் எதற்கும் நகரவில்லை. வீட்டுப் பாட்டி ஸ்டோர் ரூமிலிருந்த அரிசிச் சாக்குகளைக் கொண்டுவந்து வாசலிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை பாதை மாதிரி விரித்தார். சாக்கு மேலேயே அடி வைத்து உள்ளே வந்தது. ஒரு மாதம் வீடு முழுக்கச் சாக்கும் கால்மிதியுமாகத்தான் கிடந்தது. இடுப்பு மூட்டு பலவீனமான இனங்களுக்கு வழுக்கும் தரை வெறும் பயம் அல்ல, காயமும்கூட. மாடிப்படியும் லிஃப்ட்டும் இதே போலத்தான், தூக்கியோ இழுத்தோ ஏற்ற முடியாது.

கழுத்துப்பட்டை விஷயத்தில் சிப்பிப்பாறை, கன்னி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். இவற்றின் தலை கழுத்தைவிட ஒடுங்கியது. சாதாரணப் பட்டையைப் பின்னோக்கி ஒரு இழு இழுத்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும், ஓடினால் பிடிக்க மனிதக் கால் போதாது. இழுத்தால் அளவோடு இறுகும் பட்டையும் உடம்புப் பட்டையும் சேர்த்துப் போட்டு, இரண்டிலும் கயிறு மாட்டுவது முதல் மாதங்களுக்கு நல்லது. பட்டையில் போன் நம்பர் தொங்கட்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தத்தெடுக்க வேண்டாம் என்று காப்பகங்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்க்குத் திரும்பி வர வேண்டிய வீடு எதுவென்றே இன்னும் தெரிந்திருக்காது.

உடம்பு விஷயத்தில் முதல் வாரமே கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நம் வெயிலில் உண்ணிக் காய்ச்சல் இல்லாத ஊரில்லை. மூக்கில் ரத்தம், ஈறு வெளிறுதல், சாப்பாட்டில் வெறுப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் முழுமையாகக் கொடுக்க வேண்டும், நாய் துள்ளத் தொடங்கியதும் நிறுத்தக் கூடாது. பூச்சி மருந்தும் உண்ணி மாத்திரையும் எடைக்குத் தக்கபடி என்பதால் பெரிய நாயின் மருந்துச் செலவு எடையோடு ஏறும். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஒரு பெரிய ஆறுதல்.

எலும்பு தெரிய வரும் நாயைப் பார்த்ததும் சட்டி நிறையப் போடத்தான் கை போகும். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்ப் பெருந்தீனி ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். அகன்ற, ஆழ்ந்த நெஞ்சுள்ள பெரிய இனங்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் நோய் வரும். வயிறு பானையாக உப்பும், வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது. அப்போது கஷாயம், ஓம வாட்டர் என்று பொழுதைக் கழித்தால் நாய் செத்துவிடும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வேண்டும். ஒரே வேளையாகப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரிப்பதும், சாப்பிட்டதும் ஓடவிடாமல் இருப்பதும் காப்பு. பெரிய நாய்க்கு உயர்த்தி வைத்த சட்டிதான் நல்லது என்று கடைகளில் விற்கிறார்களே, அது இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு 2000ஆம் ஆண்டில் சொன்னது. செயின்ட் பெர்னார்ட், ஹஸ்கி போன்ற பனிநாட்டு நாய்களை ஏற்கிறவர்கள் விடியலுக்கு முன்பும் இருட்டிய பின்பும்தான் நடை என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். தெருவிலோ மைதானத்திலோ இரண்டையும் தூரம் விட்டு ஒரே திசையில் நடத்திச் சென்று, பிறகு சேர்ந்து உள்ளே வருவது எளிது. சட்டிகள் தனித்தனி அறையில் இருக்கட்டும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை, எந்த நாயாக இருந்தாலும், எத்தனை வருடம் பழகியிருந்தாலும், தனியாக விடக் கூடாது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் கேட்காமல் பெரிய நாயைக் கொண்டுவருகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நாயோடு நாள் முழுக்க ஒரே அறையில் புழங்கப்போவது அவர், முடிவெடுத்தது ஆபீஸ் போகிறவர். கடி பட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும், 'நம்ம நாய்தானே, ஊசி போட்டதுதானே' என்று இருந்துவிடக் கூடாது.

கடைசியாகக் காப்பகங்களுக்கும் ஒன்று. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தபோது அந்த இரவுகளில் அவற்றின் பதற்ற ஹார்மோன் குறைந்தது. திரும்பி வந்தபின் பழைய அளவுக்கு ஏறியதே தவிர, அதற்கு மேல் போகவில்லை. அதாவது இரண்டு நாள் வெளியே போய்வருவது நாய்க்குக் கெடுதல் அல்ல, லாபம். நம் ஊர்க் காப்பகங்கள் பலவும் படிவம், அடையாள அட்டை, கையெழுத்து, நாய் உங்களுடையது என்று ஒரே நாளில் முடித்துவிடுகின்றன. 60 கிலோ உயிரை இப்படி ஒப்படைப்பது இருவருக்கும் அநியாயம். சனி ஞாயிறு வீட்டில் வைத்துப் பார், பொருந்தினால் இரண்டு மாதம் பொறுப்பில் வை, பிறகு கையெழுத்துப் போடு என்ற முறை வர வேண்டும். திருப்பிக் கொண்டுவருகிறவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதையும் நிறுத்த வேண்டும். காப்பகத்தில் திட்டு விழும் என்று பயந்துதான் சிலர் இரவோடு இரவாக நாயைச் சுங்கச்சாவடிக்கு அப்பால் இறக்கிவிட்டு வருகிறார்கள்.

தரைத்தளத்தில் வீடும், பகலில் ஆளும், மாதச் செலவுக்கு வழியும் இருப்பவர்கள் அடுத்த முறை காப்பகம் போகும்போது குட்டிகள் பக்கம் போவதற்கு முன், இங்கே அதிக நாளாக இருக்கும் பெரிய நாய் எது என்று கேளுங்கள். என்ன சாப்பிடுகிறது, எதற்குப் பயப்படுகிறது, யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று விசாரியுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பராமரிப்பாளர் இருக்கும் காப்பகத்திலிருந்து மட்டும் எடுங்கள்.